ஒயின் பட்டியலைக் கண்டு ஏன் மிரள வேண்டும்?

பிள்ளைகளின் படிப்பு, பரீட்சை, பழக்கவழக்கம் என்று எழுதிவரும் இந்தப் பகுதியில் இம்முறை ஒயினைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் சிலர் மூக்கில் விரலை வைப்பார்கள். “தோட்டத்துச் சனங்களைக் குடி கெடுத்தது போதாதா டீச்சர், நீங்களுமா?” என்று கேட்பார்கள். கேட்கட்டும். கள்ளுக்கடை வாசலில் சம்பளத்தைத் தொலைத்துவிட்டு வந்த தகப்பன்மார் கதை நம்மில் எந்தக் குடும்பத்துக்குத் தெரியாது? 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம்மவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு சேர்த்துக் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்றும் கேட்டார்கள். போருக்குப் பிறகு கெடாவில் தொண்டர் படை கள்ளுக்கடைகளுக்கு எதிராகக் கிளம்பியது. 2018 செப்டம்பரில்கூடச் சிலாங்கூரிலும் தலைநகரிலும் மெத்தனால் கலந்த மலிவு மதுவைக் குடித்துப் பலர் உயிரை விட்டார்கள். இவ்வளவும் தெரிந்துதான் எழுதுகிறேன். யாரையும் குடிக்கச் சொல்லி எழுதவில்லை.

ஆனால் காலம் மாறிவிட்டது. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. லயத்தில் பிறந்த பிள்ளைகள் சிரம்பான், நீலாய், போர்ட்டிக்சன், கோலாலம்பூர் என்று வேலை தேடிப் போய்விட்டார்கள். அவர்களில் ஹோட்டல் வேலைக்குப் போனவர்கள் நிறையப் பேர். கடற்கரை ஹோட்டல் ஒன்றில் மேசைப் பணியாளாகச் சேர்ந்த என் பழைய மாணவன் ஒருவன், தடித்த அட்டை போட்ட பட்டியல் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு வந்தான். மூன்று மாதம் அவனைப் பார்த்துவிட்டுத்தான் வேலையை உறுதி செய்வார்களாம். அதற்குள் அதில் இருக்கும் நாற்பது ஒயின்களின் பெயரைச் சொல்லவும், விருந்தினர் கேட்டால் விளக்கவும் தெரிந்திருக்க வேண்டுமாம். “பேரே வாயில நுழைய மாட்டேங்குது டீச்சர். மேசை பக்கம் போனாலே கை நடுங்குது” என்றான். அவன் ஒரு சொட்டுக்கூடக் குடித்தவன் அல்லன். நானும் அப்படியே. இரண்டு வாரம் சனி ஞாயிறுகளில் உட்கார்ந்து படித்தோம். (பள்ளிக்கூடத்தில் இருந்த காலத்தில் அவன் இப்படிப் படித்திருந்தால் எனக்குத் தொண்டை வலி மிச்சமாகியிருக்கும்.)

இதே பட்டியலுக்கு எதிர்ப்பக்கத்தில் உட்காரும் நம்மவர்களும் இருக்கிறார்கள். தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக உயர்ந்தவர், வங்கியில் வேலை பார்க்கும் பெண், தோட்ட அலுவலகத்திலிருந்து கம்பெனி விருந்துக்கு அழைக்கப்பட்ட கிராணி ஆகியோர்தாம். முதலாளி பட்டியலை நீட்டி, “நீங்களே ஒன்று பாருங்கள்” என்றால் போதும், வியர்த்துப் போகும். தெரியாது என்று சொல்ல வெட்கம். வெட்கத்தோடு கண்ணை மூடி ஒரு வரியைக் காட்டினால் அது 250 வெள்ளியாக இருக்கும்.

அந்த 250 வெள்ளியைக் கொஞ்சம் கணக்குப் போடுவோம். விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால், பத்து விழுக்காடு சேவைக் கட்டணமும் ஆறு விழுக்காடு சேவை வரியும் மேலே வரும் என்று பொருள். ஆக 290 வெள்ளி. 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. இருபத்தாறு நாளுக்குப் பங்கு போட்டால் ஒரு நாளைக்கு 65 வெள்ளி சொச்சம். ஒரு புட்டிக்கு நான்கு நாள் உழைப்புக்கு மேல் போய்விடுகிறது. வெட்கப்பட்டதற்கு இது பெரிய அபராதம் அல்லவா?

சரி, பட்டியலைத் திறப்போம். பார்வைக்குத்தான் அது பெரிய புராணம். உள்ளே இருப்பது நான்கைந்து பிரிவுதான். நுரை பொங்கும் ஒயின், வெள்ளை, இளஞ்சிவப்பு, சிவப்பு, கடைசியில் இனிப்பு ஒயின். ஒவ்வொரு பிரிவிலும் நாடு வாரியாகவோ திராட்சை வாரியாகவோ அடுக்கியிருப்பார்கள். ஒவ்வொரு வரியிலும் இருப்பது திராட்சை பறித்த ஆண்டு, தயாரித்தவர் பெயர், திராட்சையின் பெயர் அல்லது ஊரின் பெயர், நாடு, விலை. அவ்வளவே.

இதில் குழப்புவது திராட்சையா ஊரா என்பதுதான். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, சிலி போன்ற நாடுகளின் புட்டிகளில் பெரும்பாலும் திராட்சையின் பெயரைப் போடுவார்கள். ஷார்டொனே, சோவிஞோன் பிளாங், ரீஸ்லிங் ஆகியவை வெள்ளைக்கு. கபர்னே சோவிஞோன், மெர்லோ, ஷிராஸ், பினோ நுவார் ஆகியவை சிவப்புக்கு. பிரெஞ்சுக்காரர்களோ ஊர்ப் பெயரைப் போடுவார்கள். நாம் ‘காஜாங் சாத்தே’, ‘சிரம்பான் சியூ பாவ்’ என்று சொல்வதில்லையா? அதே போலத்தான். ஷப்லி என்றால் அந்த ஊர்ப் பக்கத்து ஷார்டொனே. போர்டோ சிவப்பு என்றால் பெரும்பாலும் கபர்னேயும் மெர்லோவும் கலந்தது. ஷாம்பேன் என்பதும் ஓர் ஊர்ப்புறத்தின் பெயர்தான். வேறிடத்தில் செய்தால் ஐரோப்பாவில் அந்தப் பெயரைப் போட முடியாது. ஆகவே இத்தாலியின் நுரை ஒயினைப் பிரோசெக்கோ என்றும், ஸ்பெயின் நாட்டினதைக் காவா என்றும் விற்கிறார்கள். விலையும் ஷாம்பேனைவிடப் பெரும்பாலும் குறைவு. காஜாங்கைத் தவிர வேறெங்கும் சாத்தே என்ற பெயரையே போடக்கூடாது என்று சட்டம் வந்தால் நம் ஊர் இரவுச் சந்தையின் கதி என்ன என்று நினைத்துச் சிரித்துக்கொண்டோம்.

உச்சரிப்புக்கு என் மாணவனுக்கு ஒரு குறுக்கு வழி சொன்னேன். மெர்லோ, பினோ, கபர்னே ஆகிய மூன்றின் கடைசியிலும் எழுத்தில் ‘ட்’ உண்டு, வாயில் வரக்கூடாது. அதைத் தெரிந்துகொண்டதுமே பாதிப் பயம் போய்விட்டது அவனுக்கு.

அடுத்தது சுவை. ஆங்கிலப் புத்தகங்களில் இதற்கு என்னென்னவோ வர்ணனை செய்வார்கள். ஈரக் கல், புதிதாய் வெட்டிய புல், சுருட்டுப் பெட்டி என்றெல்லாம் எழுதுவார்கள். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. அறுசுவை என்று நம் பாட்டிமார் வகுத்து வைத்ததில் மூன்றே போதும். இனிப்பு எவ்வளவு, புளிப்பு எவ்வளவு, துவர்ப்பு எவ்வளவு என்று கேட்டால் ஓர் ஒயினைப் பற்றி முக்கால்வாசி தெரிந்துவிடும். துவர்ப்பு என்றால் கொட்டைப்பாக்கை மென்றதும் நாக்கும் ஈறும் வறண்டு இழுக்குமே, அது. தேத்தூளை அதிக நேரம் ஊறவிட்ட தே ஓவிலும் அதே இழுப்பு உண்டு. சிவப்பு ஒயினில் அந்தத் துவர்ப்பு திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வருகிறது. நிறமும் தோலிலிருந்து வருவதுதான். வெள்ளை ஒயினுக்குத் தோலை முதலிலேயே நீக்கிவிடுவதால் துவர்ப்புக் குறைவு, புளிப்பு முன்னே நிற்கும்.

நான்காவதாக ஒன்று உண்டு. அதன் வேகம். புட்டியின் மேல் விழுக்காட்டில் போட்டிருப்பார்கள். பால் வெட்டியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஸ்டோரில் பாலை ஊற்றியதும் கிராணி மெட்ரோலேக் என்ற கருவியை அதில் மிதக்கவிட்டு எவ்வளவு ரப்பர் இருக்கிறதென்று பார்ப்பாரே, அதே தத்துவத்தில்தான் திராட்சைச் சாற்றில் எவ்வளவு சர்க்கரை இருக்கிறதென்று பார்க்கிறார்கள். சர்க்கரை கூடினால் புளித்து முடிந்தபின் வேகமும் கூடும். வெயில் அதிகமுள்ள ஆஸ்திரேலியாவின் பரோசா பள்ளத்தாக்கு ஷிராஸ் 14, 15 விழுக்காடு என்று நிற்கும். குளிர்ந்த ஜெர்மனியின் மோசல் ஆற்றங்கரை ரீஸ்லிங் சில 8, 9-லேயே நின்றுவிடும். 13 விழுக்காட்டு ஒயினில் 150 மில்லி லிட்டர் ஊற்றினால், அதிலுள்ள சாராயம் ஒரு டின் பீரில் இருப்பதைவிடச் சற்று அதிகம் என்பதையும் நினைவில் வையுங்கள். சின்னக் கிளாஸ்தானே என்று எண்ணிவிடக்கூடாது.

நம் சாப்பாட்டுக்கு எது ஒத்துவரும் என்று கேட்கலாம். இது வீண் கேள்வி அன்று. 2017-இல் கோலாலம்பூரில் ‘நாடோடி’ என்ற தமிழ்ப் பெயரிலேயே ஓர் உயர்தர உணவகம் தொடங்கினார்கள். பின்னர் அது ஃபோர் சீசன்ஸ் ஹோட்டலுக்கு இடம் மாறியது. தமிழ்நாடு, கேரளம், இலங்கை ஆகிய இடங்களின் சமையலை அடிப்படையாக வைத்துக்கொண்டு, பதார்த்தம் ஒவ்வொன்றுக்கும் பொருத்தமான ஒயினையும் சேர்த்துப் பரிமாறும் ஏற்பாடு அங்கே இருந்தது. நாம் அன்றாடம் கூட்டும் மசாலாவுக்கு அப்படி ஒரு மேசை போட்டார்கள் என்பதில் எனக்குப் பெருமைதான். சமையல் அறையில் அம்மாக்கள் யாரும் அதற்குக் கூலி வாங்கவில்லை என்பது வேறு விஷயம்!

அந்தப் பொருத்தத்தின் சூட்சுமம் எளிதானது. மிளகாய்க் காரத்தோடு துவர்ப்பும் வேகமும் சேர்ந்தால் வாய் எரியும். கோழிப் பிரட்டல் சாப்பிட்டுவிட்டுக் கடுஞ்சாயத் தே ஓ குடித்துப் பாருங்கள், தெரியும். ஆகவே காரமான கறிக்குக் கனத்த சிவப்பு ஒயின் ஆகாது. சற்று இனிப்பு ஒட்டிய ரீஸ்லிங், மணமுள்ள கெவுர்ட்ஸ்டிராமினர், அல்லது நுரை ஒயின் தோதானவை. புளிக்குழம்பு, ரசம் போன்ற புளிப்புப் பதார்த்தங்களுக்குப் புளிப்புள்ள ஒயின்தான் ஈடு கொடுக்கும். இல்லாவிட்டால் அது வெறும் தண்ணீராகத் தெரியும். கபர்னே, ஷிராஸ் போன்றவை கொழுப்பு உள்ள ஆட்டுக்கறிக்கு, அதுவும் காரம் குறைவாகச் சுட்டதற்கு ஏற்றவை. கொழுப்பு அந்தத் துவர்ப்பை மழுக்கிவிடும்.

“இதெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம்” என்று ஒதுக்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது, மத்தியதரைக்கடல் நாடுகளிலிருந்து ஒயின் ஏற்றிவந்த மண்சாடிகளின் துண்டுகள் கிடைத்தன. ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே கப்பலில் வந்து நம் துறைமுகத்தில் இறங்கிய சரக்குத்தான் இது.

நிற்க. விலைக்கு வருவோம், ஏனென்றால் சுவையைவிட அங்கேதான் நம்மவர்கள் ஏமாறுகிறார்கள். நம் நாட்டில் மதுவுக்கு வரி கடுமை. 2016 மார்ச் முதல் சாராய அளவைக் கணக்கிட்டு வரி போடுகிறார்கள். 2025 நவம்பரில் அது மேலும் பத்து விழுக்காடு ஏறியது. அதற்கும் மேலே உணவகம் கடை விலையைப்போல் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு வைக்கும். கடையில் 80 வெள்ளிக்கு வாங்கக்கூடியதைப் பட்டியலில் 200 வெள்ளிக்குப் பார்த்தால் அதிர்ச்சி அடையாதீர்கள். கண்ணாடிக் கிளாஸ், பணியாள், வாடகை எல்லாம் அதிலிருந்துதான் வர வேண்டும். என் மாணவனின் சம்பளமும் அதில்தான் இருக்கிறது.

பட்டியலில் ஆக மலிவானதைக் கேட்க வெட்கப்பட்டு அதற்கு அடுத்ததைக் கேட்பவர்கள் உலகமெங்கும் உண்டு. ஆகவே அந்த இரண்டாவது புட்டியில்தான் கடைக்காரர் அதிக இலாபம் வைக்கிறார் என்று ஒரு பேச்சும் உண்டு. டேவிட் டி மேசா, விக்ரம் பதானியா என்ற இரு பொருளாதார ஆராய்ச்சியாளர்கள் லண்டன் உணவகங்களின் பட்டியல்களை அலசி, அந்தப் பேச்சு சரியில்லை என்று 2021-இல் எழுதினார்கள். வாங்கிய விலைக்கு மேல் ஏற்றிவைப்பது விழுக்காட்டுக் கணக்கில் மலிவுப் பகுதியில் குறைவாகவும், பட்டியலின் நடுப்பகுதியில் கூடுதலாகவும் இருக்கிறதாம். ‘நடுவில் ஒன்றைக் கைகாட்டினால் கௌரவம்’ என்று நினைப்பவர் அந்தக் கௌரவத்துக்கு விலை கொடுக்கிறார்.

விலை கூடினால் ருசி கூடுமா? 2008-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், விலையையும் பெயரையும் மறைத்து ஆயிரக்கணக்கான தடவை குடிக்கக் கொடுத்துக் கேட்டார்கள். பயிற்சி இல்லாத சாதாரண மக்களுக்கு விலை கூடியது அதிகம் பிடிக்கவில்லை; சற்றுக் குறைவாகவே பிடித்தது. இன்னொரு வேடிக்கை. பிரான்சின் போர்டோ பல்கலைக்கழகத்தில் ஒயின் தயாரிப்புப் படித்துக்கொண்டிருந்த 54 பேருக்கு, வெள்ளை ஒயினில் மணமில்லாத சிவப்புச் சாயத்தைக் கலந்து கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்குச் சொல்லும் வர்ணனைகளையே அவர்கள் எழுதினார்கள். 2001-இல் இது வெளிவந்தது. அந்த ஊரில் அந்தப் பாடத்தையே படித்தவர்கள் கதி இதுவென்றால், சிலியாவிலிருந்தோ லுக்குட்டிலிருந்தோ போன நம் பிள்ளை ஏன் கூச வேண்டும்?

ஆகவே கேட்டு வாங்குவதே நல்லது. என்ன சாப்பிடப் போகிறோம், எந்தச் சுவை வேண்டும் என்ற இரண்டையும் சொல்லுங்கள். “கறி காரமாக இருக்கும், துவர்ப்பு வேண்டாம்” என்றால் பணியாளுக்குப் போதும். விலையை வாயால் சொல்ல வேண்டியதில்லை. பட்டியலில் நமக்குக் கட்டுப்படியாகும் தொகையின் மேல் விரலை வைத்து, “இதைப் போல ஒன்று” என்றால், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு விஷயம் தெரியாது, நிற்பவருக்குப் புரிந்துவிடும். நிற்பது நம் பிள்ளையாக இருந்தால் அவனுக்கும் ஒரு சொல். விரல் 120-இல் இருக்கும்போது 300 வெள்ளிப் புட்டியைப் புகழாதே, தம்பி. 120-க்கோ 110-க்கோ நல்லதாக ஒன்றைச் சொன்னால், அந்த மனிதர் அடுத்த முறை உன்னைத் தேடி வருவார்.

இரண்டு பேர் ஆளுக்கொரு கிளாஸ் குடிப்பதற்குப் புட்டி வாங்குவது வீண். ஒரு புட்டி 750 மில்லி லிட்டர், ஐந்து கிளாஸ் வரும். கிளாஸ் 45 வெள்ளி, புட்டி 180 என்றால் நான்கு கிளாஸுக்குப் புட்டியின் விலை வந்துவிடுகிறது. மூன்று கிளாஸ் வரை கிளாஸாகவே வாங்கலாம்.

பிறகு ஒரு சடங்கு நடக்கும். புட்டியை எடுத்துவந்து முன்னால் காட்டுவார்கள். கேட்ட பெயரும் ஆண்டும் அதுதானா என்று பார்க்கவே அது. பட்டியலில் 2019 போட்டிருந்து 2022 வந்தால் ஏன் என்று கேட்கலாம். அடுத்துக் கொஞ்சம் ஊற்றிக் கொடுப்பார்கள். பிடித்திருக்கிறதா என்று கேட்பதற்காக அல்ல, கெட்டுப்போயிருக்கிறதா என்று பார்ப்பதற்காக. தக்கை கெட்டிருந்தால் மழையில் நனைந்த அட்டைப் பெட்டியின் வாடை அடிக்கும். அது நமக்குத் தெரியாத வாடையா? அப்படி இருந்தால் கூசாமல் சொல்லுங்கள், மாற்றித் தருவார்கள். இல்லாவிட்டால் தலையை ஆட்டினால் போதும். திருகு மூடி போட்டிருந்தால் மட்டமான சரக்கு என்று எண்ண வேண்டாம். நியூசிலாந்தில் பெரும்பாலான ஒயினுக்கு இப்போது அதுதான். கிளாஸில் பாதிக்கும் குறைவாக ஊற்றுவதும் கஞ்சத்தனம் அன்று. மணம் தங்க இடம் விடுகிறார்கள்.

குடிக்காதவர்களுக்கு இவ்வளவு பாடும் இல்லை. “எனக்குப் பழக்கமில்லை, பழச்சாறு கொடுங்கள்” என்றால் முடிந்தது. காரணம் சொல்லத் தேவையில்லை. பெரிய உணவகங்கள் பலவற்றில் மது கலவாத பானங்களுக்கும் தனிப் பக்கம் வைத்திருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள். ஹலால் சான்றிதழ் பெற்ற உணவகத்தில் மது பரிமாற மாட்டார்கள் என்பதால், முஸ்லிம் நண்பர்களோடு போவதற்கு அத்தகைய இடத்தையே தேர்ந்தெடுப்பது மரியாதை. 21 வயது ஆகாதவர்களுக்கு மது விற்பது 2017 டிசம்பர் முதல் சட்டப்படி குற்றம். பிறந்த நாள் விருந்து என்று கெஞ்சும் பையன்களிடம் நம் பிள்ளைகள் அடையாள அட்டையைக் கேட்கத் தயங்கக்கூடாது.

வீட்டுக்குத் திரும்பும் வழியையும் கணக்கில் சேருங்கள். 2020 அக்டோபரில் நடப்புக்கு வந்த சட்டத் திருத்தப்படி 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராம் சாராயத்துக்கு மேல் இருந்தால் வண்டி ஓட்டக்கூடாது. முன்பு 80 ஆக இருந்தது. குடித்துவிட்டு ஓட்டி ஓர் உயிர் போனால் பத்து முதல் பதினைந்து ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 100,000 வெள்ளி வரை அபராதம். போர்ட்டிக்சனிலிருந்து சிரம்பான் வரும் சாலையில் இரவில் மோட்டார் சைக்கிளில் வருபவர்கள் பெரும்பாலும் நம் வீட்டுப் பிள்ளைகள், ஹோட்டல் வேலை முடிந்து வருபவர்கள். வாடகைக் காருக்கு ஆகும் காசை, பட்டியலைத் திறக்கும்போதே ஒயின் விலையோடு கூட்டி வைத்துக்கொள்ளுங்கள்.